சோப்பு டப்பா சுவிட்ச்

எங்கள் வீட்டில் அம்மாவும் தாத்தாவும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதே கிடையாது. சண்டை எதுவும் இல்லை. மாமனார் முன்னால் மருமகள் வாய் திறக்கக் கூடாது என்று எப்போதோ யாரோ வைத்துவிட்டுப் போன வழக்கம். அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கும் அது மரியாதை, அம்மாவுக்கும் மரியாதை. இரண்டு பேருடைய மரியாதையையும் சுமந்துகொண்டு நடுவில் ஓடுகிற வேலை என்னுடையது. "உங்கம்மாவ மோரு இருந்தா குடுக்கச் சொல்லு" என்பார் தாத்தா, அம்மா கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே. நான் திரும்பி, "அம்மா, தாத்தா மோரு கேக்கறாரு" என்பேன். "உப்பு போட்டதா, போடாததான்னு கேளு" என்பாள் அம்மா. அதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். மூன்றாம் வகுப்பு படிக்கிற ஒருத்திக்கு இதைவிடப் பெரிய பதவி ஊரில் இல்லை என்பது என் எண்ணம். நான் பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரத்தில் இவர்கள் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ என்று வகுப்பில் உட்கார்ந்து கவலைப்படுவேன்.

உத்திரமேரூரிலிருந்து ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனால் எங்கள் ஊர். அப்பாவிடம் குட்டி யானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்று இருந்தது. அதில் பிளாஸ்டிக் சாமான் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பார். குடம், பக்கெட், முறம், சல்லடை, துடைப்பம் எல்லாம் வண்டியின் நாலு பக்கமும் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வண்டி தெரியாது, குடங்கள் மட்டும் தனியாக நடந்து வருவதுபோல இருக்கும். மேலே ஒரு கூம்பு ஸ்பீக்கர். அதில் ஓர் ஆண் குரல், கடையில் பதிந்து வாங்கியது, எல்லா வண்டியிலும் கேட்கிற அதே குரல், ஓயாமல் கத்திக்கொண்டே போகும். அந்தக் குரலுக்கு யாரும் தலையை வெளியே நீட்டுவதில்லை.

ஒருநாள் அந்த மெமரி கார்டு கெட்டுப்போயிற்று. அப்பா தன் பட்டன் போனில் தானே பேசிப் பதியப் பார்த்தார். குடம் வாங்காவிட்டால் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவார்போல இருந்தது. தோட்டத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள். "அப்படியா சங்கதி? நீயே பேசேன்" என்று அப்பா போனை அவள் வாய்க்கு நேராக நீட்டினார். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, யாரோ எதிர் வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"குடம் வந்துகீது, பக்கெட்டு வந்துகீது. அக்கா, உங்க வூட்டு முறம் பிஞ்சிபோச்சா? ஓட்ட வாளில தண்ணி மொண்டு மொண்டு கை நோவுதா? வாங்கக்கா, வந்து பாருங்க. வாங்கலன்னாலும் பரவால்ல, சும்மா பாத்துட்டுப் போங்க."

கடைசி வரிக்கு வரும்போது வெட்கம் வந்து குரல் உள்ளே போய்விட்டது. அப்பா அதையே போதும் என்று எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு மாலை வண்டி பாதி காலியாகத் திரும்பி வந்தது. கதவைத் திறந்துகொண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே வந்தார்களாம். "யாருப்பா பேசறது, உன் பொண்டாட்டியா?" என்று கேட்டார்களாம். அப்பா சோறு சாப்பிடாமல் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். பழையசீவரம் வரைக்கும் அம்மாவின் குரல் போக ஆரம்பித்தது. பாலாற்றங்கரையில் பிறந்து, கல்யாணமாகி வந்த பிறகு தெருமுனைக் கடைக்குக்கூட என்னைத்தான் அனுப்பிக்கொண்டிருந்த அம்மா, அப்பாவின் வண்டியில் ஒருதரமும் ஏறாமலே அத்தனை ஊருக்கும் போய்வந்தாள்.

இது எத்தனை நாளைக்குத் தாத்தாவின் காதுக்கு எட்டாமல் இருக்கும்? பக்கத்து ஊர் டீக்கடையில் யாரோ, "உன் மருமவ கொரலு ரேடியோவாட்டம் கீதுப்பா" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் பாராட்டித்தான் சொன்னாரோ, கேலிதான் செய்தாரோ. தாத்தா வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். பதவிக்குரிய கம்பீரத்தோடு போய் நின்றேன்.

"உங்கப்பன்கிட்ட சொல்லு. வெளியூருல எப்பிடினா பண்ணிக்கட்டும், பொழப்பு. நம்ம ஊருக்குள்ள அந்தச் சத்தம் கேக்கக் கூடாது. நாலு பேரு முன்னாடி நான் உக்காந்துகினு கீறவன்."

அப்பாவும் அம்மாவும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன். அம்மா முறத்தில் இருந்த அரிசியை, கல்லே இல்லாத அரிசியை, வெகுநேரம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா தாத்தா பேச்சைத் தட்டாதவர். ஏரிக்கரைத் திருப்பத்துக்கு வந்ததும் அம்மாவின் குரலை நிறுத்திவிட்டு, இன்னொரு போனிலிருந்து சினிமாப் பாட்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நுழைவது என்று முடிவாயிற்று. பாட்டு போட்டால்தான் வண்டி வந்திருக்கிறது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சங்கடம் என்னவென்றால், ஸ்டீரியோவில் வெளியிலிருந்து ஒயர் செருக ஒரே ஓர் ஓட்டைதான். ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொன்றைச் செருக வேண்டும். செருகிச் செருகி ஓட்டை லொடலொடத்துப்போனது. ஒருநாள் ஒயரைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் வண்டியின் முன்சக்கரம் கரையைவிட்டு இறங்கிவிட்டது. நாலைந்து குடம் ஏரியில் மிதந்து போனதோடு போயிற்று.

அதன் பிறகுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. உத்திரமேரூரில் கல்யாணத்துக்கு மைக் செட் போடுகிற கடையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூவரச மரத்தடியில் சாக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி ஒரே பின்னில் சேர்த்துப் பார்த்தார். காதலி விட்டுப்போன துக்கத்தில் ஒருவன் உருகிப் பாடுகிறான், நடுவில் அம்மா "ஓட்ட வாளில தண்ணி மொண்டு கை நோவுதா?" என்று அவனைக் கேட்கிறாள். நானும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். தாத்தா வீட்டில் இருந்ததால் இந்தச் சோதனையெல்லாம் ஏரிக்கரைக்கு வண்டியை ஓட்டிப்போய்தான். அம்மாவுக்கு அதுவும் கேட்கக் கிடைக்கவில்லை.

பிறகு மாமா கடையிலிருந்து ஒரு சின்ன சுவிட்ச் எடுத்துவந்தார். அதற்கு அடியில் ஆறு கால். நடுக்கால் இரண்டிலிருந்து ஸ்டீரியோவுக்கு ஒயர். மேல்கால் இரண்டில் பாட்டு போன், கீழ்க்கால் இரண்டில் அம்மா போன். மிச்சமிருந்த வெள்ளை ஒயர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி ஈயம் வைத்து ஒட்டினார். குமிழை மேலே தள்ளினால் ஒன்று, கீழே தள்ளினால் ஒன்று. எல்லாவற்றையும் போட்டு மூட அம்மா ஒரு ரோஸ் கலர் சோப்பு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா அதில் சூட்டுக்கோலால் துளை போட, வாசனை சோப்பும் கருகிய பிளாஸ்டிக்குமாக ஒரு நெடி தெருவரைக்கும் போயிற்று.

"ஊரு ஊரா கேக்கற கொரலு, வூட்டாண்ட மட்டும் கேக்கக் கூடாதா? இது இன்னாக்கா நாயம்?" என்றார் மாமா, நிமிராமல்.

"மெதுவா பேசுடா. நீ ஒட்டற வேலையப் பாரு" என்றாள் அம்மா.

அக்காவின் குரலை மறைப்பதற்கு அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு சுவிட்ச் செய்கிறோமே என்று அவருக்கு எரிச்சல். ஆனால் செய்ததைச் செம்மையாகச் செய்தார். என் நகப்பாலிஷை வாங்கி, அம்மாவின் பக்கம் எது என்று தெரிய ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். வண்டியில் மாட்டியபோது, வேகம் கூடக்கூட ஸ்பீக்கரில் ஙொய் என்று ஒரு சத்தம் கூடவே வந்தது. எதை எதையோ கழற்றிப் பார்த்து, போனை வண்டியிலேயே சார்ஜில் போட்டிருப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். "சார்ஜு போட்டுக்கினே பாட்டு போடாத மாமா" என்று அப்பாவிடம் சொன்னதோடு ரிப்பேர் முடிந்தது.

லீவு நாட்களில் நானும் வண்டியில் போவேன். ஏரிக்கரைத் திருப்பத்தில் குமிழைத் தள்ளுவது என் பொறுப்பு. இதுவும் ஒரு பதவி. திரும்பி வந்ததும் அம்மா, பாத்திரம் கழுவுகிற சாக்கில், என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டுக் கேட்பாள். "வெளியில எப்டிடி கேக்குது? ரொம்ப கீச்சுன்னு கீதா?" போனில் கேட்டிருக்கிறாளே தவிர, ஸ்பீக்கரில் அவள் கேட்டதில்லை. "எங்க மிஸ் மாதிரி கீதும்மா" என்றேன் ஒருமுறை. அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், திருப்பம் வந்ததும் வழக்கம்போலக் குமிழைத் தள்ளினேன். குமிழ் கையோடு வந்துவிட்டது. அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். மிச்சமிருந்த மொட்டைக் காம்பை நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. "அப்பா, ஊரு வந்துடுச்சுப்பா! தாத்தா கீறாருப்பா!" என்று கத்தினேன்.

"ஒடஞ்சிடுச்சே, இன்னாம்மா பண்றது" என்றார் அப்பா.

ஸ்டீரியோவில் சத்தத்தைக் குறைக்கிற திருகு இருந்தது. அதைத் திருகினால் முழுசாக அணைந்துவிடும். அவர் கைக்கு அது ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அப்பா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பாதையைப் பார்த்து, என்றைக்கும் இல்லாத அளவுக்கு மெதுவாக ஓட்டினார்.

பால் சொசைட்டியில் பால் ஊற்றுகிற நேரம். கேனும் கையுமாக வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். தாத்தா அங்கேதான் பிளாஸ்டிக் நாற்காலியில், அவர் சொன்ன அந்த நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார். "நம்ம வூட்டுப் பக்கத்து வூட்டுப் பொண்ணு கொரலு மாதிரி கீதேடி" என்று யாரோ சொல்ல, "அவளேதான்!" என்று யாரோ கத்த, வரிசை கலைந்து வண்டிக்குப் பின்னால் வந்தது. தாத்தா எழுந்து நின்றார். ரோட்டோரம் வரைக்கும் வந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு நின்றார். ஓர் எழுத்து விடாமல் கேட்டுவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தோலை உரிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

எங்கள் வாசலில் அம்மா மாவுக் கையோடு நின்றிருந்தாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். பயந்துவிட்டாள் என்று நினைத்து நான் குதித்து ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "நான்தான் ஒடச்சேன்னு தாத்தாகிட்ட சொல்லிடறேம்மா, அழாத" என்றேன்.

"சும்மா இருடி" என்றாள் அம்மா. "கேக்கவுடு."

அன்றைக்குத் தாத்தா சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சுவரோரம் நின்றாள். என்ன வசவு வந்தாலும் ஒரு வார்த்தை சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்க, நான் இரண்டு பேருக்கும் நடுவில் தயாராக நின்றேன். தாத்தா இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு நிமிர்ந்து, என் தலைக்கு மேலாக, சுவர்ப்பக்கம் பார்த்தார்.

"கடேசில இன்னாமோ சொல்றியே, அது சொசைட்டி வரைக்கும் கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லும்மா."

நான் சட்டென்று திரும்பி, "அம்மா, தாத்தா இன்னா சொல்றாருன்னா" என்று ஆரம்பித்தேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"சரிங்க மாமா" என்றாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு சுவிட்சை உடைத்ததற்கா என்னை வேலையைவிட்டே தூக்குவது? விடுவிடுவென்று போய்ப் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு சத்தமாக அழுதேன். யாராவது சமாதானம் செய்ய வருவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. உள்ளே, "மோரு ஊத்தட்டுங்களா?" என்று அம்மா கேட்பதும், "ஊத்தும்மா" என்று தாத்தா சொல்வதும் கேட்டது. என் மேல் இவர்களுக்குக் கொஞ்சமும் பாசம் இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு தூங்கிப்போனேன்.