சித்திரை இருபதுக்கு ஆறு மாசம்

1. மனு வந்த நாள்

அன்று நல்ல மழை. நாகர்கோவிலில் எங்கள் ஆபீஸ் ஓட்டுக் கட்டடம்தான். நாலு இடத்தில் ஒழுகும். ஒழுகும் இடம் எங்களுக்கு அத்துப்படி என்பதால் மேசைகளை அதற்கேற்ப நகர்த்திப் போட்டுக்கொள்வோம். சர்க்கார் லைசென்ஸ் வாங்கிய வைத்தியர்கள் மேல் ஜனங்கள் கொடுக்கும் புகார் மனுக்களை வாங்கிப் பதிவது என் வேலை. இது திருவிதாங்கூர் மகாராஜா காலத்துக் கதை. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, மீசையும் திமிரும் ஒருமிக்க வளர்ந்துகொண்டிருந்தன.

புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டு. சம்பவம் நடந்து ஆறு மாசத்துக்குள் மனு வந்தால் விசாரணை. ஒரு நாள் தப்பினாலும் 'காலாவதி' என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. அந்தச் சிவப்பு மையைத் தொட்டு எழுதுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை இன்று மறைத்து என்ன செய்ய?

மழையோடு வந்தவர் பூதப்பாண்டி ஞானமுத்து வாத்தியார். நாலாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். சித்தம் கலங்கிப் போனதால் வீட்டார் அவரை ஒரு பைத்திய வைத்தியசாலையில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். ஆவணியில் வெளியே வந்தவர் இப்போது தெளிவாகத்தான் இருந்தார். ஆனால் வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்பாய் ஒரு தழும்பு. சித்திரை இருபதாம் தேதி தொடங்கி ஒன்பது நாள் அந்தக் கையைக் கயிற்றால் தூணோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தார்களாம்.

அந்த இடத்து வைத்தியரோ வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருந்தார். நோயாளி தன் கையைத் தானே கடித்துக் கெடுத்துக்கொண்டான், சித்தம் இன்னும் நேராகவில்லை என்று. அந்தக் காகிதத்தைப் பார்த்த பள்ளிக்கூட மானேஜர், "இது பொய்யின்னு சர்க்காரு எழுதித் தந்தா ஒம்ம திரும்ப எடுக்கேன். இல்லேன்னா என்ன ஒண்ணும் சொல்லாதேயும்" என்று கையை விரித்துவிட்டார். ஆக வாத்தியாருக்கு வேலையும், 'புத்தி சரியுள்ளவன்' என்ற பெயரும் இந்த ஒரு மனுவை நம்பித்தான் இருந்தன.

மனுவை விரித்துப் பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து கோணல்மாணலாய்க் கிடந்தது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "எழுத்தப் பாத்தாலே சுகக்கேடு தெரியுது வே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

"இடக் கையாலே எழுதினேன் சார்" என்றார் வாத்தியார். "வேற ஆளு எழுதினா, பைத்தியக்காரன் பேருல எவனோ எழுதியிருக்கான்னு தள்ளிருவாங்க. அதான் நானே எழுதப் படிச்சேன். ரெண்டு மாசம் ஆயிப்போச்சு."

விதியும் அப்படித்தான் இருந்தது. எழுதத் தெரிந்தவன் சொந்தக் கையால் எழுத வேண்டும்.

2. சிவப்பு மை

எங்கள் ஊரில் யாரிடம் தேதி கேட்டாலும் சித்திரை, ஐப்பசி என்றுதான் சொல்வார்கள். மனுவிலும் கொல்லம் ஆண்டுத் தேதியே இருக்கும். நானோ இங்கிலீஷ் தேதிக்காரன். சுவரில் ஒரு கம்பெனி காலண்டர் தொங்கியது. வருகிற எல்லாத் தேதியையும் அதைப் பார்த்து மாற்றி, அதன்படியே ஆறு மாசம் எண்ணுவேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் விதிகளைச் சுருக்கி எழுதிய ஒரு தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் 'ஆறு மாசம்' என்றுதான் இருந்தது. என்ன மாசம் என்று நான் என்றைக்கும் கேட்டதில்லை.

சித்திரை இருபது என்றால் மே மூன்று. கெடு நவம்பர் மூன்று. அன்று நவம்பர் நாலு.

"உம்ம மனு நேத்தோட போச்சு வாத்தியாரே" என்றேன்.

அவர் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. பிறகு நிதானமாகவே கேட்டார். "சித்திரை இருபதுக்கு ஆறு மாசம்னா ஐப்பசி இருபதுல்லா சார்? இன்னைக்குப் பத்தொம்பதுதானே?"

எனக்கு வந்ததே கோபம்! "கணக்கு எனக்குப் படிப்பிக்க வந்தீரோ? ஒம்ம கணக்கெல்லாம் நாலாங்கிளாசோட வச்சுக்கிடும்!"

ஆபீஸே சிரித்தது. "பைத்தியம் கணக்கு சொல்லுகு வே" என்று ஒரு குரல். நான் சிவப்பு மை தொட்டு எழுதி நீட்டினேன். வாத்தியார் அதை இடக் கையால் வாங்கி மடக்கி, "செரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

3. அலமாரிப் புத்தகம்

திருப்பிய மனுவுக்கு ரெஜிஸ்தரில் விதி எண் போட வேண்டும். மறுநாள் காலை அதற்காக ஹெட் கிளார்க் மாதேவன் பிள்ளையிடம் சாவி வாங்கி அலமாரியைத் திறந்தேன். விதிப் புத்தகத்தை நான் கையில் எடுத்தது அதுதான் முதல் தடவை. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் கழித்து! முதல் பக்கத்திலேயே இருந்தது: இந்த விதிகளில் மாசம் என்பது கொல்லம் ஆண்டு மாசம்.

காது இரண்டும் சுட்டது. கொல்லக் கணக்கில் அந்த ஆறு மாசம் இங்கிலீஷ் கணக்கைவிட இரண்டு நாள் நீளம். வாத்தியார் சொன்னது அச்சொட்டாகச் சரி. அன்று ஐப்பசி இருபது. கடைசி நாள்.

மாதேவன் பிள்ளை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு புத்தகத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"எழுதினத எழுதியாச்சு. அந்த ஆளு திரும்ப வந்தா வாங்கும். வரல்லேன்னா விடும் வே."

"அவரு எப்பிடி வருவாரு? நாந்தானே வெரட்டி விட்டேன்."

"அப்பம் போயி கூட்டிட்டு வாரும். நாலரைக்கு ரெஜிஸ்தர மூடிருவேன். அதுக்கப்புறம் மகாராசா வந்தாலும் தொறக்க மாட்டேன், கேட்டீரா?"

அந்த மனிதரை அன்று திட்டாத திட்டு இல்லை, மனசுக்குள். ஆனால் சைக்கிளையும் அவர்தான் கொடுத்தார். அந்த ஆபீஸை நினைக்கும்போதெல்லாம் அவருடைய பெல் இல்லாத சைக்கிளும் வெற்றிலை வாசனையும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. அப்படி ஒரு மேலதிகாரி எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

4. இடது கை

பூதப்பாண்டி போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. தொடை வரைக்கும் சேறு. வாத்தியாரின் அக்காள் வாசலிலேயே மறித்தாள்.

"நேத்து எறிஞ்சு தந்துட்டு இன்னைக்கு எதுக்கு வந்திருக்கேரு? இன்னும் சிரிச்சு முடியல்லியா?"

"தப்பு எம்மேலதான் அக்கா. மனுவத் தாங்கோ, இன்னைக்கே பதியணும்."

"அத அடுப்புல வச்சாச்சு" என்றாள்.

வாத்தியார் உள்ளேயிருந்து வந்தார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "காயிதம் கொண்டுவந்திருக்கியளா சார்?" என்று மட்டும் கேட்டார்.

பழைய மனு மூன்று பக்கம். அதைத் திரும்ப எழுத ஒரு நாள் போதாது. "நாலு வரி போதும் வாத்தியாரே. யாரு, எப்பம், எங்க, என்ன செஞ்சாங்க" என்றேன். அவர் எழுதத் தொடங்கினார். பேனா வழுக்கியது. தாள் நகராமலிருக்க மடங்காத வலது கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். ஒரு எழுத்து, பிறகு மூச்சு, பிறகு அடுத்த எழுத்து. நான் எழுதிக் கொடுக்க முடியாது. கை பரபரத்தது, சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு வரிக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அக்காள் பாதியில் கோபம் தணிந்து எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். எனக்கு இறங்கவில்லை.

வாத்தியாரைச் சைக்கிள் காரியரில் உட்கார வைத்து மிதித்தேன். ஒழுகினசேரி தாண்டியபோது சங்கிலி கழன்றது. அவர் இறங்கி இடக் கையாலேயே மாட்டிவிட்டார். "எல்லாம் இதுக்குப் படிச்சாச்சு சார்" என்று சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது மணி நாலு இருபது. மாதேவன் பிள்ளை ரெஜிஸ்தரைத் திறந்து வைத்துப் பேனாவும் கையுமாக இருந்தார்.

5. பிறகு

விசாரணைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்தார். தழும்பைப் பார்த்துவிட்டு, கயிற்றின் முறுக்கு இதில் பதிந்து கிடக்கிறது, பல்லுக்கு ஏது முறுக்கு என்று எழுதினார். வைத்தியரின் லைசென்ஸ் போயிற்று. அங்கே கட்டிப் போட்டிருந்தவர்களை அவிழ்த்துவிட்டார்கள். தை மாசம் வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார், இடக் கையில் சாக்குக் கட்டியோடு.

அடுத்த வருஷம் முதல் ஐப்பசி இருபது தோறும் ஆபீஸுக்கு ஒரு மட்டி வாழைக்குலை வரும். கொண்டுவந்து வைத்துவிட்டு வாத்தியார் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்பார். அந்த ஆபீஸ் வேலையில் அந்த நாள்தான் எனக்குத் திருநாள். முதல் குலை வந்த அன்று, பழத்தை உரித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"எனக்கு முன்ன ஆரையாவது இப்பிடித் திருப்பி அனுப்பினியளா சார்?"

"பாக்கேன் வாத்தியாரே" என்றேன். அவர் போனதும் பழைய ரெஜிஸ்தர்களை இறக்கினேன். ஒன்று இருந்தது. இராஜாக்கமங்கலம் பேச்சியம்மை, தன் மகனைக் கட்டிப் போட்டு அடிக்கிறார்கள் என்று கைநாட்டு வைத்துக் கொடுத்த மனு. என் கணக்கில் ஒரு நாள் தாமதம். கொல்லக் கணக்கில் ஒரு நாள் பாக்கி. காலாவதி என்று என் கையெழுத்துத்தான். வைத்தியரின் பெயரைப் பார்த்தேன். அதே வைத்தியர். தேதியைப் பார்த்தேன். வாத்தியாரை அங்கே கொண்டுபோய் விடுவதற்கு ஒரு வருஷம் முன்பு.

அந்த மனுவை நான் வாங்கியிருந்தால் அந்த இடம் அப்போதே மூடியிருக்கும். வாத்தியாரின் விரல் மடங்கும்.

அடுத்த ஞாயிறு இராஜாக்கமங்கலம் போனேன். பேச்சியம்மை கயிறு திரிக்கத் தேங்காய்க் கதம்பல் அடித்துக்கொண்டிருந்தாள். இன்னார் என்று சொன்னேன். கணக்கில் பிழை என்று சொன்னேன். அவள் கையிலிருந்த கொட்டுவடிக் கட்டையைக் கீழே வைத்தாள்.

"மவன் அங்கனயே போயிட்டான் ஏமானே. நீங்க காயிதத்தத் திருப்பித் தந்து மூணாவது மாசம்." பிறகு கேட்டாள். "இப்பம் வாங்குவியளா?"

எந்தக் காலண்டரிலும் இடம் இல்லை.

"இப்பமும் நேரம் கழிஞ்சு போச்சும்மா" என்றேன். ஒரே தாயிடம் அதை இரண்டாவது தடவையாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அடிக்கத் தொடங்கினாள்.

இன்று ஆபீஸ் நாற்காலியில் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். சுருக்கி எழுதிய தாளை நம்பாதீர்கள், புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். காலாவதி என்று எழுதுமுன், அந்த மனுஷனுக்கு ஏன் தாமதமாயிற்று என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மறுவருஷம் குலையோடு வந்த வாத்தியார் மறக்காமல் கேட்டார். "பாத்தியளா சார்? ஆராவது உண்டா?"

"இல்ல வாத்தியாரே, ஆரும் இல்ல" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்று சொல்லி, மடங்காத அந்தக் கையால் என் தோளைத் தட்டினார்.