மகளின் கார்டில் என் பெயர்

என் மகளுக்கு, அவள் வேலை செய்யும் சுங்கை காடுட் ஃபேக்டரியில், ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கட்டும் மெடிக்கல் கார்டு கொடுத்தபோது, அதில் என் பெயரையும் போட்டிருந்தார்கள். கல்யாணம் ஆகாதவர்கள் தாய் தகப்பனைச் சேர்த்துக்கொள்ளலாமாம். அவளுக்கு அப்போதே முப்பத்தைந்து தாண்டிவிட்டது.

கார்டை வெளியே எடுப்பதில் அவள் மகா கஞ்சம். இருமல், காய்ச்சல், பிரஷர் மாத்திரை எல்லாவற்றுக்கும் கவர்மெண்டு கிளினிக்தான். "வருசத்துக்கு இவ்வளவுதான்னு எல்லை இருக்கும்மா. சின்னதுக்கெல்லாம் தீர்த்துட்டா பெருசு வரும்போது கையை விரிச்சிடுவான்" என்பாள். எனக்கும் அதுதான் சௌகரியம். தனியார் ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று நிற்பதற்கு நோயோடு இருந்துவிடலாம்.

அப்படிப்பட்டவள் போன வருசம் ஒரு நாள் வேலை விட்டு வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "அம்மா, உன் கண்ணு ஆபரேஷனைக் கார்டுலயே முடிச்சிடலாம். முட்டியையும் காட்டிடலாம்" என்றாள்.

கண்ணில் புரை விழுந்து நாளாகிவிட்டது. கவர்மெண்டு பெரியாஸ்பத்திரியில் பெயர் கொடுத்து, முறைக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது என்ன அவசரம்?

ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில், எங்கள் தோட்ட ஆபீஸ் கிராணி ஒரு மாதம் முழுக்கச் சிரித்துக்கொண்டே கேட்டவர்களுக்கெல்லாம் லீவு கொடுத்தார். அடுத்த மாதம் தோட்டம் கைமாறிவிட்டது. அதனால் ஃபேக்டரியை மூடப் போகிறார்களோ என்று நினைத்தேன். ஆனால் ஓவர்டைம் குறையவில்லை. இவளுக்கே ஏதும் வியாதியோ, அதற்குள் என்னைச் சரி செய்து வைக்கப் பார்க்கிறாளோ என்று கைப்பையைத் துழாவினேன். மாத்திரை ஒன்றும் இல்லை. புது லிப்ஸ்டிக் ஒன்று இருந்தது. அது எனக்கு மாத்திரையை விடப் பயமாக இருந்தது.

அவள் கூட்டிப்போன தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கண்ணைப் பார்க்குமுன் "கார்டா, காசா?" என்று கேட்டார். கார்டு என்றதும் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டார். விலை கூடின லென்ஸ் ஒன்று இருக்கிறது என்றார். மேசைக்கு அடியில் மகளைக் கிள்ளினேன்.

"அது கார்டுல வராதுல்ல டாக்டர்? சாதா லென்ஸே போதும்" என்றாள் அவள். பிள்ளையை நல்லாத்தான் வளர்த்திருக்கிறேன்.

ஒரு கண் முடிந்தது. மகள் சொட்டு மருந்து வாங்கப் போயிருந்தாள். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் என்னிடம் குனிந்து, "ஆண்டி, மத்த கண்ணையும் சீக்கிரம் செஞ்சிடுங்க லா. அக்கா கல்யாணத்தைப் பதிஞ்சிட்டா உங்க பேரு கார்டுல இருந்து போயிடும். அக்காதான் அன்னிக்கே இதை விசாரிச்சாங்களே" என்றாள்.

வீடு திரும்பும் வாடகைக் காரில், மம்பாவ் ஊரைத் தாண்டியதும் கேட்டேன். டிரைவர் மலாய்க்காரர், தமிழ் தெரியாது, நல்லதாய்ப் போயிற்று.

"யாருடி அவன்?"

அவள் வெளியே பார்த்தாள். "லோரி ஓட்டுறாரு. எங்க ஃபேக்டரிக்குச் சாமான் கொண்டு வருவாரு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசமா எதுக்குடி காத்துக்கிட்டு இருந்தே?"

"உனக்குப் புரை முத்தட்டும்னுதான். மத்த கண்ணு, முட்டி எல்லாம் முடிச்சிட்டுப் பதிஞ்சிக்கலாம்னு..."

"புரை முத்துறதுக்குள்ள நீ முத்திட்டே, போடி."

சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். மற்ற கண்ணுக்குப் பெரியாஸ்பத்திரியில் என் பெயர் இருக்கிறது, அது வரும்போது வரட்டும், விடியாத நேரத்தில் பால் வெட்ட வெட்டுக்காட்டுக்குப் போனவளுக்கு ஒரு கண் போதும் என்றேன். முட்டிக்குத் தைலம் இருக்கிறது. "முதல்ல அவனை வீட்டுக்கு வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். பேச்சு பணிவுதான். தேத்தண்ணியில் சீனி வேண்டாம் என்றார். அடுப்படியில் மகளைப் பிடித்தேன். "சீனி வியாதியாடி?"

"இல்லம்மா, வயித்தைக் குறைக்கிறாரு."

வயிறு ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை. ஆம்பிளைகள் முன்னால் எனக்குப் பேச வராது. கதவை ஒட்டி நின்றுகொண்டு கேட்டுவிட்டேன். "தம்பி, உங்களுக்குக் கம்பெனி கார்டு இருக்கா?"

"சொந்த லோரிங்கம்மா. கார்டெல்லாம் இல்லைங்க."

அப்படியானால் மகளின் கார்டில் நான் இறங்கும் இடத்தில் இவர் ஏறுகிறார். பெண்ணுக்காக வந்தவரா, கார்டுக்காக வந்தவரா?

"கல்யாணத்துக்கு முந்தி ஒருதரம் ரத்தம் பார்த்துட்டு வந்துடுங்க தம்பி" என்றேன்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் மட்டும், "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். அந்த வாரமே பார்த்துவிட்டும் வந்தார். ரிசல்ட் மலாய் மொழியில் இருந்தது. மகள்தான் படித்துச் சொன்னாள், எல்லாம் சரியாக இருக்கிறதாம். அவள் இப்போது யார் பக்கம் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் நல்ல நாள் பார்க்கச் சொல்லிவிட்டேன்.