பின்சீட்டு லாக்கை யாரு கழட்டுனா?

கார் சீட்டைக் கழட்டி மாட்டுறது என் தொழிலு. இந்தத் தொழில்ல பத்து சீட்டைக் கழட்டுனவன் அப்புறம் ஒரு மனுசனையும் லேசுல நம்ப மாட்டான்.

திருப்பரங்குன்றம் போற ரோட்டுல சீட் கவர் கடை வச்சிருக்கேன். பழைய கார் வாங்குனவன் வித்தவன சந்தேகப்படுவான். வித்தவன் மெக்கானிக்க சந்தேகப்படுவான். கடைசியில எல்லாரும் சேந்து என் கடை வாசல்ல வந்து நிப்பாக. "சீட்டுக்கு அடியில எங்க பாப்பா கம்மல் கெடந்துச்சே, பாத்தீகளா?"ன்னு கேப்பாக. கேள்வி சாதாரணமாத்தான் இருக்கும், பார்வை சாதாரணமா இருக்காது. என்னைய மாதிரி கடை போட்டு மாட்டிக்கிட்டவுகளுக்கு இது தெரியாம இருக்காது. போன வருசம் ஒரே ஒரு வண்டி என்னைய அலைக்கழிச்ச கதைய மட்டும் சொல்றேன்.

போனும் கையுமா

ஆனையூர்லருந்து மலர்விழின்னு ஒரு டீச்சர் வந்தாக. அவுக அப்பா ரிட்டயர் ஆனப்ப பழசா வாங்குன சின்னக் காரு. பின்சீட்டுல ரெண்டு பக்கமும் பெல்ட்டு தொங்குது. அதச் சொருகுற லாக்கு மட்டும் இல்ல. "கவருக்கு அடியில கெடக்கும் டீச்சர்"னு சிரிச்சேன். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். லாக்கு முதுகுல குத்துதுன்னு சொல்லுவாக, கவர் மாட்டுறவனும் அத உள்ள அமுக்கி விட்ருவான். டீச்சர் சிரிக்கல. "போன எடமெல்லாம் இதையேதான் சொன்னாங்க. தூக்கிக் காட்டுங்க"ன்னாக.

அவசரம் எதுக்குன்னும் சொன்னாக. அவுக அப்பா பெரியசாமி, பஸ் டிரைவரா இருந்தவரு. வாதம் அடிச்சு இடது பக்கம் கையும் காலும் வரல, பேச்சும் கொழறுது. வாரா வாரம் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும். முன்சீட்டுல உக்கார வச்சா நல்லா இருக்குற வலது கை சும்மா இருக்க மாட்டேங்குது. காளவாசல் சிக்னல்ல மகளுக்கு முந்தி இவரு ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டாராம். பின்னாடி வந்த ஆட்டோ ஏறாம விட்டது பெரிய புண்ணியம். பின்சீட்டுல வச்சாலோ பிரேக்குக்குப் பிரேக் முன்னாடி சரிஞ்சு விழுறாரு. அதனால கூட உக்காந்து புடிச்சுக்கிட ஒரு ஆள் வேணும். வீட்டுல வேற ஆள் கெடையாது, பக்கத்து வீட்டுத் தம்பியக் கெஞ்சணும். அவன் வராத வாரம் பயிற்சி இல்ல. "மடங்க ஆரம்பிச்ச விரலு திரும்ப வெறச்சுப் போகுதுண்ணே"ன்னு தன் விரல மடக்கிக் காட்டுனாக. பெல்ட்டு மட்டும் சரியாயிட்டா யார் தயவும் இல்லாம தானே கூட்டிட்டுப் போயிருவேன்னாக.

சரின்னு சீட்டைத் தூக்குனேன். அடியில ஒரு மண்ணும் இல்ல, போல்ட்டு இருந்த ஓட்டைதான் இருக்கு. வெட்டல, பிய்க்கல, எவனோ ஸ்பேனர் போட்டுப் பதவிசாக் கழட்டிருக்கான். களவாணிப்பய இம்புட்டுப் பொறுமையா வேலை பாப்பானான்னு யோசிச்சுக்கிட்டே திரும்புனா, டீச்சர் போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாக. "நீங்க தூக்குறதுக்கு முன்னாடியே வீடியோ ஆன் பண்ணிட்டேன் அண்ணே. உள்ள எதுவும் இல்லன்னு பின்னாடி ஒரு பேச்சு வரக் கூடாதுல்ல."

பழைய சாமான்

அந்த வண்டி மாடலே இப்ப வர்றதில்ல. சரி, பழைய ஸ்பேர் கடையில பாப்போம்னு போனேன். கடைக்காரரு ஒரு மூட்டையக் கொட்டி பெல்ட்டோட ரெண்டு லாக்கு எடுத்துக் குடுத்தாரு. சொருகுனா 'டக்'னு விழுகுது. "ஒங்களுக்குன்னே எடுத்து வச்சதுண்ணே"ன்னாரு. நான் வருவேன்னு எனக்கே காலையிலதான் தெரியும், இவருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு தெரியல.

பெல்ட்ட முழுசா இழுத்து வெளிச்சத்துல பாத்தேன். நடுவுல ஒரு எடம் இழுபட்டு, நூல் பிரிஞ்சு பளபளன்னு கெடக்கு. ஒரு ஆளப் புடிச்சு நிறுத்துன பெல்ட்டு அது. அதோட வேலை அன்னைக்கே முடிஞ்சு போச்சு. அந்த லாக்கையும் நம்பி இன்னொரு ஆள உக்கார வைக்கக் கூடாது. "அடிபட்ட வண்டிச் சாமானத்தானே என் தலையில கட்டப் பாக்குறீக?"ன்னு கேட்டேன். மனுசன் ஒரு நிமிசம் வானத்தப் பாத்தாரு, அப்புறம் நல்ல நிதானமாச் சொன்னாரு: "வண்டிதாண்ணே அடிபட்டுச்சு, பெல்ட்டு அடிபடலையே."

நம்ம கடைத் தையல்

திரும்பி வந்து சீட் கவரப் பொரட்டிப் பாத்தேன். ஓரத்த உள்ள மடிச்சு, அது மேல ரெட்டைத் தையல். மதுரையில அப்படித் தைக்கிறது எங்க கடை டெய்லர் பாண்டி மட்டுந்தான். அந்தக் கவரு நம்ம கடையில போட்டது! மறைக்க மனசு வரல, டீச்சர்கிட்டச் சொன்னேன். அவுக தையலுக்குப் பக்கத்துல போனக் கொண்டு போயி இன்னொரு வீடியோ எடுத்துக்கிட்டாக.

அவுக போனதும் நேரா பாண்டிகிட்டப் போனேன். கடை ஆரம்பிச்ச நாள்லருந்து கூட இருக்குறவன். "லாக்கு எங்கடா?"ன்னேன். மெஷின நிறுத்தாமயே, "கவர்ல லாக்குக்கு ஓட்டை இருக்கான்னு பாருங்க. இருந்திருந்தா ஓட்டை விட்டுத்தான் தச்சிருப்பேன். அமுக்கி விடுற பழக்கம் என்கிட்ட இல்ல"ன்னான். பாத்தேன், ஓட்டை இல்ல. ஆனா சந்தேகம்னு ஒண்ணு வந்துட்டா புத்தி எங்க வேலை செய்யுது? ஓட்டை இல்லாமத் தச்சுட்டு லாக்கை மொத்தமாக் கழட்டி வித்திருந்தா? வாயில வந்துருச்சு, கேட்டுப்புட்டேன். பாண்டி மெஷின நிறுத்துனான். வாங்கி வச்ச டீயத் தொடல. "தையல் என்னோடதுண்ணே. களவு என்னோடது இல்ல."

ஷோரூம்ல

வேற வழியில்லாம கம்பெனி சாமானுக்கே போவோம்னு ஷோரூமுக்குப் போனேன். ஸ்பேர் கவுண்டர்ல இருந்த பையன் கம்ப்யூட்டரத் தட்டிக்கிட்டே, முன்சீட்டுக்கானு கேட்டான். பின்சீட்டுக்குன்னேன். தட்டுறத நிறுத்திட்டு என்னைய மேலயும் கீழயும் பாத்தான். ஏதோ ஊருக்குள்ள புதுசா வந்த ஆளப் பாக்குற மாதிரி இருந்துச்சு. "பின்னாடிக்கா? யாருண்ணே கேக்குறா? அங்கன ஏறி உக்காந்து தூங்கத்தானே போறாக?"

ஸ்டெப்னி

மாடல் நின்னு போனாலும், ஷோரூம்ல ஆர்டர் போட்ட புது லாக்கு ஒரு வழியா வந்துச்சு. டப்பாவோட சீலு, போல்ட்டோட மரை எல்லாத்தையும் வெயில்ல வச்சுப் பாத்தேன். ஏமாந்து ஏமாந்து வந்த பழக்கம். டீச்சருக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பி புடிச்சுக்கிட்டு வர, அப்பாவயும் கூட்டிட்டு வந்துட்டாக. அவர நெழல்ல சேர் போட்டு உக்கார வச்சோம். பெரிய மீசை, கண்ணு மட்டும் கடை முழுக்கச் சுத்துது. பாண்டி என்கிட்டப் பேசாம ஒரு மூலையில தச்சுக்கிட்டிருக்கான். டீச்சர் வழக்கம் போல போனும் கையுமா நிக்கிறாக.

போல்ட்டு ஓட்டையில அடஞ்ச துருவச் சுத்தம் பண்ணிக்கிட்டே, "எந்தக் களவாணிப்பய கழட்டுனானோ, நாசமாப் போக"ன்னு வாய் விட்டுட்டேன். பெரியசாமி வலது கையால சேரு கைப்பிடிய டம்மு டம்முன்னு அடிச்சாரு. என்னமோ சொல்றாரு, எனக்கு வெளங்கல. "டிக்கியத் தெறக்கச் சொல்றாருண்ணே"ன்னாக டீச்சர். தெறந்தேன். திரும்ப ஒரு அடி. "ஸ்டெப்னியத் தூக்கணுமாம்." தூக்குனா, டயருக்கு அடியில காக்கித் துணியில ஒரு பொட்டலம். பிரிச்சா ரெண்டு லாக்கு, போல்ட்டு, வாஷர் எல்லாம் கிரீஸ் தடவி அழகாக் கெடக்கு! வண்டியக் கொண்டாந்த நாள்லருந்து நாங்க ஊரெல்லாம் தேடுனது வண்டிக்குள்ளயேதான் கெடந்திருக்கு. வீட்டுல அவருகிட்ட இதக் கேக்கணும்னு டீச்சருக்கும் தோணல, இங்க கூட்டிட்டு வந்திருந்தா அன்னைக்கே சொல்லிருப்பாரு. பெல்ட்டு இல்லாம அவரத் தனியாக் கூட்டிட்டு வர முடியல. அமுக்கிப் பாத்தேன், பட்டன் இறுகிப் போச்சு. இனி அது ஆகாது.

"அப்பா, நீங்களா கழட்டுனீங்க?"ன்னு டீச்சர் கேட்டாக. மனுசன் ரோட்டப் பாத்துக்கிட்டாரு. ஏன்னு கேட்டதுக்கு மீசைய நீவி விட்டுக்கிட்டாரு. பாண்டி மூலையிலருந்து எந்திரிச்சு வந்தான். பொட்டலத்தப் பாத்தான், என்னையப் பாத்தான். எனக்குத் தலைய நிமித்த முடியல. "டீச்சர், இதையும் ஒரு வீடியோ எடுத்துக்கங்க. எங்கண்ணனுக்கு மறக்காம அனுப்பி விடுங்க"ன்னான்.

சோதனை ஓட்டம்

புது லாக்கை மாட்டி, முறுக்கி, மொதல்ல நான் உக்காந்தேன். பாண்டி வண்டிய எடுத்தான். சொல்லாமக் கொள்ளாம பிரேக்க ஒரு மிதி மிதிச்சான் பாருங்க, களவுப் பட்டத்துக்கு வட்டியோட குடுத்துட்டான். பெல்ட்டு நெஞ்சுல கப்புனு புடிச்சுக்கிச்சு, ஆள் அசையல.

அப்புறம் பெரியசாமிய உக்கார வச்சு, பக்கத்துல தலகாணி சொருகி, பெல்ட்ட மாட்டி விட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பிய கடையிலயே நிக்கச் சொல்லிட்டு, டீச்சர் தனியா வண்டிய எடுத்தாக. கோயில் வரைக்கும் போயிட்டுத் திரும்பணும். கெளம்புனதுலருந்து எனக்கு நிம்மதி இல்ல. போல்ட்ட கடைசி வரைக்கும் முறுக்குனோமா? மரை சரியா ஏறுச்சா? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டு முடிச்சு இப்ப என் கையவே சந்தேகப்பட்டுக்கிட்டு வாசல்ல நின்னேன். பாண்டியும் வந்து பக்கத்துல நின்னான். டீ வாங்கிட்டு வந்து குடுத்தேன், வாங்கிக்கிட்டான்.

வண்டி வந்து நின்னுச்சு. பின்சீட்டுல பெரியசாமி வச்ச மாதிரியே நேரா உக்காந்திருக்காரு. டீச்சர் எறங்கி, கதவப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாக. "விழலண்ணே. ஒரு பிரேக்குக்கும் விழல. நானே கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டேன்." அழுத கண்ணோடயே பின்னாடி குனிஞ்சு கேட்டாக: "இப்பயாவது சொல்லுங்கப்பா, இத ஏன் கழட்டுனீங்க?"

அவரு வலது கையால பெல்ட்ட ஒரு தடவ இழுத்துப் பாத்துக்கிட்டாரு. நிறுத்தி நிறுத்தி, ஆனா எல்லாருக்கும் வெளங்குற மாதிரி சொன்னாரு: "நான் ஓட்டுற வண்டியில ஏறுறவுகளுக்கு எதுக்குப் பெல்ட்டு? இப்ப ஓட்டுறது இவ. இன்னுங் கொஞ்சம் இறுக்கி விடுப்பா."

அன்னையிலருந்து எந்த வண்டி வந்தாலும் மொதல்ல ஸ்டெப்னியத் தூக்கிப் பாத்துக்கிறேன், ஆளுகள சந்தேகப்படுற வேலைய அப்புறமா வச்சுக்கிறேன்.