அடிக்க மட்டும் கொடுத்த பக்கங்கள்

படித்ததற்காக வேலையை விட்டுத் துரத்தப்பட்டவள் நான். எம்.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு, இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்ததற்காக. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கம்பத்தில் ஓர் உரக்கடை மாடியில் இருந்தது அந்த டைப்பிங் சென்டர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். உத்தமபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். "கம்ப்யூட்டர் வேலைன்னா போ, கடை கண்ணியில நிக்கிற வேலைன்னா வேணாம்" என்று சொல்லித்தான் அத்தா அனுப்பினார்கள். முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் அச்சடித்த புத்தகங்களைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புவார்கள். திரையில் ஒரு பாதியில் அந்தப் படம். மறுபாதியில் நாங்கள் எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அதைத் தேடிப் படிப்பார்களாம். பிரசங்கம், சட்டம், குதிரை வைத்தியம், எது வேண்டுமானாலும் வரும். பாதி எழுத்து பூச்சி அரித்திருக்கும், பாதி மை அப்பியிருக்கும். முழி பிதுங்கிவிடும்.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இரண்டையும் கம்ப்யூட்டர் ஒத்துப் பார்க்கும். எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கே யாரோ தப்பு செய்திருக்கிறார்கள். ஒரு புத்தகத்தின் பக்கங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து ஹால் முழுக்கப் போடுவார்கள். முழுப் புத்தகம் ஒருத்தர் கைக்கும் வராது. சூப்பர்வைசர் காலையில் வந்ததும் ஓதுவார்: "கண்ணுல படுறத அடிங்க. அர்த்தம் பாக்காதீக. அர்த்தம் பாத்தா ஸ்பீடு போயிரும்."

நானும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தேன், என் திரையில் அந்தப் பொம்பளையின் புத்தகம் வரும்வரை.

சர்ச்சில் பாதிரியார் பேசும்போது எழுந்து எதிர்த்துக் கேட்டாள் என்று அவளைச் சிறையில் போட்டிருந்தார்கள். உள்ளே இருந்தபடியே தன் கதையை எழுதி அச்சுக்குக் கொடுத்திருக்கிறாள். கைக்குழந்தையைப் பிடுங்கிப் புருஷனின் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டார்கள். பால் கட்டி மார் வலிக்கிறது என்று எழுதியிருந்தாள். பிள்ளையை ஒரு தடவையாவது காட்டுங்கள் என்று நீதிபதிக்கு மனுப் போடுகிறாள். அந்த இடத்தில் பக்கம் முடிந்துவிட்டது. அடுத்து என் திரைக்கு வந்தது யாரோ போட்ட பஞ்சாங்கம்.

எனக்கு வந்த ஆத்திரம்! காட்டினார்களா, இல்லையா? வீட்டில் சோறு இறங்கவில்லை. "ஆபீசுல யாரும் எதுவும் சொன்னாகளா?" என்று அம்மா கேட்டார்கள். என்றைக்கோ செத்து மண்ணாய்ப்போன வெள்ளைக்காரிக்காக அழுகிறேன் என்று எப்படிச் சொல்ல?

மறுநாள் பக்கத்து ஸீட்டில் அதே புத்தகம். அங்கே உட்கார்ந்திருந்தவள் சின்னமனூர்க்காரி, என் வயசு. "நீ போயி டீ குடிச்சிட்டு வா, நான் அடிச்சுத் தர்றேன்" என்றேன். "ஏ புள்ள, ஒனக்கென்ன கிறுக்கா?" என்றாள். ஆனால் எழுந்து போனாள். அதற்கப்புறம் அந்தப் புத்தகம் யார் திரையில் வந்தாலும் நான் போய் உட்கார்ந்துவிடுவேன். அவரவர் பெயரில்தான் அடித்தேன். யாருக்கு என்ன நஷ்டம்?

என் கெட்ட நேரம், அப்படி நான் அடித்த பக்கங்களில் பாதி, இரண்டாம் தடவை அடிக்க என் ஸீட்டுக்கே வந்தன. மாட்டேன் என்றா சொல்ல முடியும்? அடித்தேன். அதே கண், அதே விரல். அரித்துப்போன எழுத்தை முதலில் எப்படி ஊகித்தேனோ, மறுபடியும் அப்படியே ஊகித்தேன். கம்ப்யூட்டர் ஒத்துப் பார்த்தது. ஒரு கமாகூட வித்தியாசமில்லை. அந்த ஆபீசில் தப்பு வந்தால் திட்டு, தப்பே வராவிட்டால் சந்தேகம்.

சூப்பர்வைசர் கூப்பிட்டு விசாரித்தார். சின்னமனூர்க்காரி அழுது தப்பித்துக்கொண்டாள். நான் ஒளிக்கவில்லை. "கத என்னாச்சுன்னு தெரியணும் சார்" என்றேன்.

"கத படிக்கவா சம்பளம் தர்றோம்? நாளையில இருந்து வர வேணாம்."

"கடைசிப் பக்கங்கள மட்டும் காட்டுங்க சார், பாத்துட்டுப் போயிர்றேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "வீட்டுல பெரியவுக இருந்தா வரச் சொல்லுங்க" என்றார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

சில வருஷம் கழித்து எம்.ஃபில். சேர்ந்தபோது, அவளைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நின்றேன். இன்டர்நெட்டில் தேடினால் புத்தகத்தின் பெயர் வந்தது. தட்டினால் பாஸ்வேர்டு கேட்டது. சந்தா கட்டிய பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான் திறக்குமாம். நான் அடித்த எழுத்து, என்னையே யார் நீ என்று கேட்கிறது! "பார்க்க முடியாத புஸ்தகத்தை வச்சு என்ன ஆராய்ச்சி பண்ணப் போறீங்க? வேற தலைப்பு எடுங்க" என்றார் பேராசிரியர். எடுத்தேன். என்ன எழுதினேன் என்பதே இப்போது மறந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் கம்பம் பஸ் ஸ்டாண்டில் சின்னமனூர்க்காரியைப் பார்த்தேன். அதே சென்டரில்தான் இருந்தாள். பேச்சு அங்கே போனது.

"அந்த ஜெயிலு பொம்பள புஸ்தகமா? கடேசிப் பக்கமெல்லாம் எனக்குத்தான வந்துச்சு, நீ போன மறுவாரமே."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "புள்ளயக் காட்டுனாகளா?"

"யாருக்குத் தெரியும்? எழுத்தப் பாத்து அடிச்சேன். ஒரு தப்பு இல்ல, தெரியுமா? அந்த மாசம் எனக்குக் குக்கர் பரிசு குடுத்தாக."

"அடிப்பாவி, ஒரு வரி படிச்சிருக்கக் கூடாதா?" என்று பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"படிச்சிருந்தா, நானும் ஒன்னைய மாதிரி வீட்டுலதான உக்காந்திருப்பேன்."