அத்தை பேரம் பேசி வாங்கிய சுங்கான்

எங்கள் அப்பாவுக்குப் பட்டு எவ்வளவு வசப்பட்டதோ அதே அளவு பீடிக்கு அவர் வசப்பட்டிருந்தார். ஆரணியில் தறி ஓடும் வீட்டுக்குள் யாரும் புகைக்க மாட்டார்கள். அப்பாவும் வெளியே போய்த்தான் பற்றவைப்பார். கல்யாண சீசனில், பாவு நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி அவசரப்படுத்தினால் மட்டும் தறிக்குழியை விட்டு எழ நேரமிருக்காது. பீடி உதட்டோரம் ஏறிவிடும். அப்படித்தான் ஒருநாள் பொறி விழுந்து பாவில் நாலைந்து இழை கருகியது. அப்பா முடிச்சுப் போட்டுச் சமாளித்தார். முதலாளி கண்ணுக்குத் தப்புமா?

"இன்னொரு பொறி விழுந்திச்சின்னா பாவ எடுத்துகினு போயிகினே இருப்பேன்" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டார். பாவு போனால் அடுப்பு எரியாது என்பது எட்டு வயதான எனக்கே தெரியும்.

அப்பா பீடியை விட முயன்றார். வெற்றிலை போட்டுப் பார்த்தார். பட்டில் எச்சில் தெறித்தால் பொறியைவிடப் பெரிய தொல்லை. வெறும் வாயோடு உட்கார்ந்தால் எங்கள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். பீடி திரும்பி வந்துவிட்டது.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, சுங்கான் வாங்கலாம் என்றாள். நெருப்பு கிண்ணத்துக்குள்ளேயே இருக்கும், பொறி பறக்காதாம்.

"தொர மாதிரி நான் பைப்பு புடிக்கணுமாக்கா?" என்று அப்பா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. தறிக்கு நூல் தார் சுற்றிச் சேர்த்த காசை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாள்.

அங்கே ஒரு கடைசல் பட்டறை. கட்டில் காலும் பம்பரமும் கடையும் பாய் ஒருவர், ஈட்டி மரத்தில் சுங்கானும் செய்து விற்றார். விலையைக் கேட்டு எனக்கே தலை சுற்றியது. அத்தை அசரவில்லை.

"கழிச்சது எதுனா கீதா பாய்?"

அவர் ஒரு கூடையை இழுத்துப் போட்டார். அத்தை ஒவ்வொன்றாக எடுத்து, வாயில் வைக்கும் நுனியைத் தடவித் தடவிப் பார்த்தாள். கடைசியில் பக்கவாட்டில் வெள்ளைத் திட்டு விழுந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பொடவைல முந்தானைல பழுது இருந்தாத்தான் பேஜாரு. கொசுவத்துக்குள்ள போற பழுத எவன் பாக்கறான்? இது உள்ளங்கைல மறஞ்சிடும். அதுக்கேத்த வெலய சொல்லுங்க."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். "ஜல்தியா எடுத்துகினு போம்மா, மனசு மாறிடப் போவுது" என்று பாதி விலைக்குக் கொடுத்தார்.

அடுத்த கடையிலேயே புகையிலை இருந்தது. நான் கையைக் காட்டினேன். துட்டு தீர்ந்துவிட்டது என்று அத்தை என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது எனக்கு வேர்க்கடலையும் தனக்குக் கலர் சோடாவும் வாங்கினாள்.

வீட்டில் அப்பா சுங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புகையிலை எங்கே என்றார்.

"அடுத்த கூலில வாங்கிக்கலாம் தம்பி."

அப்பா அத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெறும் சுங்கானைக் கடித்துக்கொண்டு தறியில் இறங்கினார்.

அடுத்த கூலி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. வீட்டுக்கு அரிசி வந்தது, எனக்குப் பாவாடை வந்தது, புகையிலை மட்டும் வரவில்லை. அப்பாவும் கேட்கவில்லை, பீடியும் வாங்கவில்லை. தறியில் நாடா ஓடும்போதெல்லாம் வெறும் சுங்கான் அவர் வாயில் ஆடிக்கொண்டிருக்கும். பாவு எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அந்தத் தறிதான் என்னைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தது. இன்றும் பட்டு உடுத்தும் நாளில் அத்தையை நினைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வெளியே கிளம்புகிறேன்.

அப்போதோ எனக்கு அவள் மேல் கோபம். இத்தனை சாமர்த்தியக்காரிக்குப் புகையிலைக்குக் காசு மிச்சம் பிடிக்கத் தெரியவில்லையே! தீபாவளிக்கு மாமா கொடுத்த காசில் நானே ஒரு பொட்டலம் வாங்கி வந்து அப்பாவிடம் நீட்டினேன். அப்பா அத்தையைப் பார்த்தார், அத்தை அப்பாவைப் பார்த்தாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அப்பா என்னை இழுத்து உச்சி முகர்ந்துவிட்டு, பொட்டலத்தைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார்.

மறுநாள் அவர் தறியில் உட்கார்ந்ததும் நான் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன், எப்போது கேட்பாரோ என்று.