ராகமையில் இறங்கி ஏறினோம்

என் தங்கச்சிக்கு வாகனம் ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதில் புசல்லாவையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் வந்தாலே, கம்பளை வருவதற்குள் அவள் முகம் வெளுத்துவிடும். அப்படிப்பட்டவளை விமான நிலையத்துக்கு என் வீட்டுக்காரரின் வானில்தான் கூட்டிக்கொண்டு போனோம். கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு வான் ஓட்டுகிறவர் அவர். வீட்டிலேயே வான் இருக்கும்போது வேறு வழியை யார் யோசிப்பார்கள்?

கண்டியில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை பார்த்தவள், கட்டாரில் பெரிய ஹோட்டல் ஒன்றில் அதே வேலைக்கு ஆங்கிலத்தில் நேர்முகப் பரீட்சை கொடுத்துத் தேறியிருந்தாள். அம்மா, பெரியம்மா, பிள்ளைகள் என்று வான் நிறைய ஏறினோம். கடுகண்ணாவ வளைவுகளில் தொடங்கிய வாந்தி கட்டுநாயக்க வரைக்கும் நிற்கவில்லை. டிக்கெட் காட்டும் வரிசையில் நிற்கும்போதே அவளுக்குக் கால் மடங்கிவிட்டது.

விமானக் கம்பனிப் பெண் ஒருத்தி வந்து அவளை உட்கார வைத்தாள். "கல்யாணம் ஆகிட்டதா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் நம்பாதவள் போல இன்னொரு முறை கேட்டாள். பிறகு டாக்டர் வந்தார். பிரஷர் இறங்கிக் கிடக்கிறது, இன்றைக்கு ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தோம். எங்கள் வீட்டு வரிசையில் விஷயம் வேறு மாதிரிப் பரவியது. கடையில் பாண் ரொட்டி வாங்கப் போன அம்மாவிடமே ஒருத்தி, "டாக்டர்கிட்ட காட்டுனீங்களா? எத்தன மாசமாம்?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா பாணை வாங்காமலே வந்துவிட்டார். தங்கச்சி அழவில்லை. கட்டார் ஹோட்டல்காரர்களோடு தானே பேசி இன்னொரு டிக்கெட் வாங்கினாள். இதுதான் கடைசித் தடவை என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம்.

அன்று சாப்பிட உட்காரும்போது சொன்னாள்: "இந்தத் தடவ நான் கோச்சியில போறேன்."

ரயிலைத்தான் நாங்கள் கோச்சி என்போம். என் வீட்டுக்காரர் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டார்.

"அவ்வளவு பெரிய பெட்டியத் தூக்கிக்கிட்டு ராகமையில எறங்கி வேற கோச்சி மாறுவியா? பிளேன் புடிக்கப் போறியா, சந்தைக்குப் போறியா?"

"அத்தான், ஒங்க வான்ல ஒரு குறையும் இல்ல. என் வயிறுதான் சரியில்ல. அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஏர்போர்ட்டுக்கு எக்ஸ்பிரஸ் ஓடுதுங்கிறாங்க. அது நம்ம லைன் பக்கம் வருதா? நம்ம லைன்ல வெயாங்கொடையில எறங்கினா மினுவாங்கொடை வழியா ஏர்போர்ட் கிட்டத்தான். அந்தப் பக்கமா விடாம சுத்திக்கிட்டு ஏன் போகுது? ஒழுங்கான வழியா இருந்தா நம்ம சனம் போகாமலா இருக்கும்?"

ஒரு கேள்வியைப் பதில் தெரியாமல் விட்டுவிடுகிறவள் அல்ல அவள்.

"சரி, ஒரு தடவ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

அப்படித்தான் ஒத்திகை போனோம். பெட்டிக்குள் அரிசி மூட்டையும் பழைய சேலைகளும் வைத்து, உண்மையான பயணத்தில் இருக்கும் கனத்துக்குக் கட்டினாள். நான் பேராதனையில் ஆஸ்பத்திரி ஒன்றில் கிளார்க்காக இருக்கிறேன். அன்று லீவு போட்டேன். கண்டி ஸ்டேஷனில் தெரிந்த பெண் ஒருத்தி, "ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டாள். "ஏர்போர்ட்டுக்கு" என்றாள் தங்கச்சி. "இன்னைக்கா பயணம்?" "இல்ல, இன்னைக்குச் சும்மா." அந்தப் பெண் எங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

ரயிலுக்கும் கடுகண்ணாவயில் வளைவுகள் உண்டு. ஆனால் அது மெதுவாக, உலுக்காமல் இறங்கும். யன்னலோரம், போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரம்புக்கனை தாண்டியதும், "அக்கா, என்னையப் பார்த்தது போதும், வெளிய பாரு" என்றாள். ஒன்றும் ஆகவில்லை. வடை விற்கிறவர் வந்தபோது ஒன்று வாங்கித் தின்றாள். பயணத்தின் நடுவில் அவள் தின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ராகமையில் இறங்கி, படியேறி அடுத்த மேடைக்குப் போனோம். பெட்டியை அவளே தூக்கினாள். என்னைத் தொட விடவில்லை. பயணத்தன்று நான் கூட வராமல் போனாலும் தான் தனியாகப் போக வேண்டுமே என்றாள். மேடையில் கொடியோடு நின்ற ஸ்டேஷன் அதிகாரியிடம் போய், அத்தான் கேட்ட கேள்வியை அப்படியே சிங்களத்தில் கேட்டாள். ஏர்போர்ட் ரயில் ஏன் எங்கள் லைனில் வராமல், கடற்கரைப் பக்கமாகப் போகும் புத்தளம் லைனில் போகிறது?

அவர் சிரித்தார். "உங்கள் லைனிலும்தான் அது வருகிறது" என்றார். கொழும்பிலிருந்து ராகமை வரைக்கும் இரண்டுக்கும் ஒரே வழி. அங்கே பல தண்டவாளங்கள் இருப்பதால் விரைவாக வந்துவிடும். இங்கே வந்துதான் பிரிகிறது. புத்தளம் லைன் முதலிலேயே இருந்தது. விமான நிலையம் பிறகு அதன் பக்கத்தில் வந்தது. வெயாங்கொடைப் பக்கமிருந்து போக வேண்டுமானால் வயலையும் வீடுகளையும் எடுத்துப் புதுத் தண்டவாளம் போட வேண்டும்.

"இன்னொன்றும் இருக்கிறது" என்றார். "விமானத்துக்குப் போகிறவர்களை மட்டும் நம்பினால் ரயில் காலியாகத்தான் ஓடும். அந்த லைனில் தொழிற்சாலைகள் இருக்கின்றன. வேலைக்குப் போகிற பிள்ளைகள்தான் நிறைய ஏறுகிறார்கள்."

"எக்ஸ்பிரஸ் தாமதமாகுமா?" என்று கேட்டாள்.

"அங்கே போகப் போக ஒற்றைத் தண்டவாளம், மகள். எக்ஸ்பிரஸ் என்றாலும் எதிரில் வருகிற ரயிலுக்கு நின்றுதான் போக வேண்டும்."

அவள் நன்றி சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். "அப்ப நான் ஒரு கோச்சி முந்தியே வந்துரணும்" என்றாள். அன்று கட்டுநாயக்க வரைக்கும் போய், விமான நிலைய வாசலைப் பார்த்துவிட்டு, அரிசி மூட்டையோடு வீடு திரும்பினோம்.

உண்மையான பயணத்தன்று விடிந்ததிலிருந்து மழை. என் வீட்டுக்காரர் எங்களைக் கண்டி ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். அம்மா கைக்குள் திருநீறு வைத்திருந்தார்; ஈரத்தில் அது குழைந்து தங்கச்சியின் நெற்றியில் பட்டையாக அப்பியது. என்னைத் தவிர வேறு யாரையும் அவள் ரயிலில் வர விடவில்லை.

கடுகண்ணாவயைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ரயில் நின்றது. தண்டவாளத்தில் கல் விழுந்திருக்கிறது, எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பெட்டிக்குப் பெட்டி சொல்லிக்கொண்டு போனார்கள். நாங்கள் காத்திருந்தோம். ரயில் நகர்ந்து ராகமை வந்தபோது, நாங்கள் பிடிக்க வேண்டிய ஏர்போர்ட் ரயில் போய்விட்டிருந்தது.

என் வீட்டுக்காரர் போனில் வந்தார். ராகமையில் அவருக்குத் தெரிந்த வான்காரர் இருக்கிறாராம். "பத்து நிமிஷத்துல ஸ்டேஷன் வாசலுக்கு வருவான். அங்கருந்து வளைவே இல்ல, நேர் ரோட்டுதான். அவகிட்ட சொல்லு!"

எனக்கு அது சரியென்றே பட்டது. அவளிடம் கெஞ்சினேன். "இந்த ஒரு தடவ கேளு. இதையும் விட்டா வேலையே போயிரும்."

"அக்கா, இந்த மழையில ரோட்டெல்லாம் வாகனம். நின்னு நின்னு போனா எனக்கு வளைவ விட மோசம். அங்க போய் மறுபடி விழுந்தா ஏத்துவாங்களா? நேரம் இருக்கு. அதுக்குத்தான் முந்தி வந்தேன்."

"அடுத்தது எல்லா இடத்துலயும் நிக்கிற கோச்சி."

"நிக்கட்டும்."

அந்த ரயில் வந்தபோது வாசலெல்லாம் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள். அவ்வளவு பெரிய பெட்டியோடு எப்படி ஏறுவது என்று நான் திகைத்து நிற்க, அவள் பெட்டியை வாசலை நோக்கித் தூக்கி நீட்டி, "நங்கி, இதக் கொஞ்சம் பிடிங்க, கட்டாருக்குப் போறேன்!" என்று, உள்ளே நின்றவளைத் தங்கை முறை சொல்லிச் சிங்களத்தில் கத்தினாள். உள்ளேயிருந்து நாலைந்து கைகள் நீண்டன. பெட்டி போனது. அதன் பின்னால் அவள் போனாள். என்னையும் யாரோ சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

இடையில் ஒரு ஸ்டேஷனில் ரயில் வெகுநேரம் நின்றது. நான் மணியைப் பார்த்துப் பார்த்துத் தவித்தேன். அவள் யன்னல் பக்கம் முகத்தை வைத்து, மூச்சை மெல்ல இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கமிருந்து ஒரு ரயில் தடதடவென்று வந்து போன பிறகுதான் எங்கள் ரயில் அசைந்தது. பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி, "அக்கா, பயப்படாதீங்க, நாங்க தினமும் இப்படித்தான் போறோம்" என்று எனக்குத்தான் தைரியம் சொன்னாள்.

கட்டுநாயக்கவில் இறங்கி, மிச்சத் தூரத்துக்கு ஒரு திரீவீலர் பிடித்தோம். விமான நிலைய வாசலில் அவள் குழாயடியில் முகம் கழுவி, தலையைச் சீவி, பொட்டு வைத்துக்கொண்டாள். "எப்படியிருக்கேன்?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாய் என்று தலையை ஆட்டினேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வரிசை நகர்ந்தது. நேராக நின்றாள். பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தாள். யாரும் அவளிடம் வேறு எதையும் கேட்கவில்லை. ஒரு முறை திரும்பிக் கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கட்டாரிலிருந்து பேசினாள். விமானத்தில் வாந்தி வந்ததா என்று அம்மா கேட்டதற்கு, "எறங்கும்போது கொஞ்சம். அதுக்குன்னே பை வச்சிருக்காங்க, அங்க யாரும் கல்யாணமான்னு கேக்கல" என்றாள். அம்மா அந்தப் பதிலை, பாண் வாங்கும் கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தார்.

லீவில் அவள் வந்தபோது நாங்கள் யாரும் போகவில்லை. தானே ராகமையில் மாறி வந்து சேர்ந்தாள். இப்போது அங்கே ஒரு மாடி முழுவதற்கும் பொறுப்பாக இருக்கிறாள். என் வீட்டுக்காரர் தன் வானில் ஏறுகிறவர்களிடம், "வாந்தி வர்ற ஆள் இருந்தா கோச்சியில அனுப்புங்க, ராகமையில மாறணும், ஒரு கோச்சி முந்திப் போகணும்" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். யார் சொல்லித் தெரிந்தது என்று மட்டும் சொல்லமாட்டார்.

லீவு முடிந்து அவள் திரும்பிப் போன காலையில், கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். கேட்காமல் டிக்கெட் எடுத்து ஏறி அவள் எதிரில் உட்கார்ந்தேன். பேராதனை வந்தது. "இங்கதானே ஒனக்கு வேலை, எறங்கு" என்றாள். இறங்கினேன். அவள் யன்னலுக்குள்ளிருந்து, அம்மாவின் நீரிழிவுக்கு, நாங்கள் சொல்லும் சீனி வருத்தத்துக்கு, மருந்து தீரும் முன்னே வாங்கிவிடும்படி சொல்லிக்கொண்டேயிருந்தாள். ரயில் போனதும், நான் மேடையைக் கடந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.