மாஸ்டருக்கு மிஞ்சிய வினைச்சொல்

ஊரே அவரை டென்ஸ் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. டயர் கடைக்கு மேல் மாடியில், ஒற்றை அறையில், டிரைவர்களுக்கும் துணிக்கடைப் பெண்களுக்கும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். கீழே காற்றடிக்கும் சத்தம் எழும்போது பேச்சை நிறுத்துவார். ஓய்ந்ததும் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வார். பாடம் எப்போதும் ஒரே வினைச்சொல்லில்தான் தொடங்கும். வாக்.

"இது சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை. பின்னாடி ஈ.டி. போட்டா பேசாம நேத்துக்குப் போயிடும். கோ இருக்கே, அது ரவுடி. நேத்துன்னா பேரையே மாத்திக்கிட்டு வென்ட்னு வந்து நிக்கும்" என்பார். பிறகு வகுப்பே சேர்ந்து பாடும்: ஐ வாக், ஐ வாக்ட், ஐ வில் வாக்.

அப்படிப் பாடிக்கொண்டிருந்த ஒரு காலையில் சாக்பீஸ் நழுவி விழுந்தது. மாஸ்டர் கரும்பலகையில் சாய்ந்தபடியே சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவர் மனைவி, வேலை உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். உயிர் தங்கியது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. பல வாரம் கழித்து, அவள் தலை சீவிவிடும்போது அவர் வாய் திறந்தது. "ஐ வாக்" என்றார். சீப்பைப் போட்டுவிட்டு அவள் அழுதாள். மறுநாளே தெரிந்துவிட்டது, அதைத் தவிர வேறொன்றும் வராது என்று. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஐ வாக்; ஜன்னலைச் சாத்தவேண்டுமென்றாலும் ஐ வாக், ஐ வாக்ட்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் விளக்கினாள். "நாம பேசுறதெல்லாம் அவருக்குப் புரியுதுக்கா. பதில்தான் வெளிய வரமாட்டேங்குது. வருஷக்கணக்கா பாடின பாட்டு மட்டும் தப்பிச்சிருக்கு. அதுல அர்த்தம் தேடாதீங்க."

தேடாமல் எப்படி இருப்பாள்? ஐ வில் வாக் என்றால் செருப்பை எடுத்து வைப்பாள். அவர் இடது கையால் அதைத் தள்ளிவிடுவார்.

ஒருநாள் மதியம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐ வாக், ஐ வாக்" என்று விடாமல் சொன்னார். வயிறு மந்தம், கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும் என்று அவரே கேட்கிறார் என்று அவள் நினைத்தாள். தோளில் கை போட்டுத் தூக்கி வராந்தாவில் நடத்தினாள். அவர் காலை ஊன்றி மறுத்தார். "கொஞ்சம் ஒத்துழைங்க" என்று கெஞ்சினாள். பிறகு அதட்டினாள். மாலைவரை நடத்தினாள்.

மறுநாள் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. குடல்வால் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். "நேத்தே வந்திருக்கணும்மா. துடிச்சிருப்பாரே, ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாருங்க" என்றாள்.

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்ததும் அவள் பயிற்சிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுவும் வேணாம்மா. வலிக்குதுன்னு ஒண்ணு மட்டும் சொல்ல வெச்சிரு."

"பாட்டு இருக்குல்ல, சொல்லை மட்டும் மாத்திப் பாப்போம்" என்ற அந்தப் பெண், ஹர்ட் என்ற சொல்லை எடுத்தாள். மாஸ்டர் பழைய ராகத்திலேயே போனார். "ஐ ஹர்ட். ஐ ஹர்டட்..." சட்டென்று நின்றார். முகம் சிவந்தது. பழக்கித் தந்த பெண்ணின் கையைத் தட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பின் பல நாள் ஐ வாக்கும் இல்லை. அவர் மனைவி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

விஷயம் அவள் தம்பிக்குத்தான் பிடிபட்டது. பஸ் கண்டக்டர்; மாமாவிடம் படித்தவன். "அக்கா, ஹர்ட்டும் ரவுடிதான். ஈ.டி. ஏத்துக்காது. ஹர்டட்னு சொன்னா எங்களையெல்லாம் பெஞ்சு மேல ஏத்திடுவாரு. இப்ப அவர் வாயிலயே வந்துடுச்சு. மனுஷனுக்கு எப்படி இருக்கும்?"

"வலிக்குன்னு ஒரு நல்ல பிள்ளை கூடவா இல்ல?"

அவன் யோசித்தான். "ஏக் இருக்கு. ஹெட்ஏக், டூத்ஏக்னு சொல்றோமே, அந்த ஏக். ஏக்ட். அடங்கின பிள்ளை."

கடைக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் அவர் உள்ளங்கையில் தாளம் தட்டித் தட்டி அந்தச் சொல்லையே சொன்னாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டே கிடந்தார். எத்தனையோ முறை, போதும் விட்டுவிடலாம் என்று எழுந்தாள். வராந்தா கண்ணில் படும், திரும்ப உட்காருவாள். மழைக்காலமெல்லாம் போனபின் ஒரு விடிகாலையில், தாடையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஐ ஏக்." வாயைத் திறந்து பார்த்தாள். ஈறு வீங்கியிருந்தது.

தம்பி கேலியாகக் கேட்டான்: "லவ்கூட அடங்கின பிள்ளைதானேக்கா. அதைச் சொல்லிக்குடுத்திருக்கலாம்ல?"

"அது எனக்குத் தெரியும்டா. வலிதான் தெரியாம போச்சு."

வேறு சொல் எதுவும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அவள் பெயரும்தான். ஆனால் எங்கே நிறுத்துகிறார் என்பதை அவள் கவனிக்கப் பழகினாள். ஏக் என்று நின்றால் வலி இப்போது இருக்கிறது. ஏக்ட் வரை போனால் விட்டுவிட்டது.

சில வருடம் கழித்து ஒரு காலை, நெஞ்சில் கைவைத்து ஐ ஏக் என்று நின்றுவிட்டார். மேற்கொண்டு போகவில்லை. அவள் உடனே கொண்டுபோனாள். டாக்டரால் வலியைத்தான் குறைக்க முடிந்தது. அன்று சாயங்காலம் அவர் போய்ச் சேர்ந்தார்.